எட்டு பட்டன் போதும்வே!

மாடல் ரயிலுக்கு சத்தம் வைக்கணும்னா கன்ட்ரோலரையே மாத்தணும்னு ஒரு பேச்சு உண்டு. என் கட்சி: வேண்டாம்.

பழைய டிசிசி கன்ட்ரோலர்கள் பலதில் எஃப்8 வரைதான். புதுசில் எஃப்28 வரை. சரி, நம்மூர் வண்டிக்கு எத்தனை சத்தம் வேணும்? அமெரிக்க டீகோடர்களில் வழக்கமா எஃப்1 மணி, எஃப்2 ஹாரன். நம்ம டீசல் எங்கவே மணியடிச்சுக்கிட்டு ஓடுச்சு?

டபிள்யூடிஎம்-2வில் இருந்தது 16 சிலிண்டர் ஆல்கோ 251. அந்த ரக இன்ஜின் அமெரிக்காவிலும் ஓடினதால, அந்த உறுமல் ரெடிமேடாவே கிடைக்கும். லெவல் கிராஸிங்குக்கு முன்னால நீட்டி அடிக்க ஒரு ஹாரன், பிரேக், கப்ளிங், ம்யூட். அவ்வளவுதான்! வேண்டிய சத்தம் எஃப்8-க்கு மேலே இருந்தா கீழே இறக்கிக்கலாம். டிசிசி விதிப்படி சிவி 33 முதல் 46 வரை அதுக்குத்தான். சில கம்பெனிகள் வேற முறை வச்சிருக்கு, மேனுவலைப் பாத்துக்கோங்க.

மணியாச்சி–தூத்துக்குடி பாதையே இப்போ மின்சாரமாயிட்டு. ஆல்கோ சத்தம் இனி நம்ம மேஜைமேலதான். காசை பட்டனுக்குப் போடாதீங்க, நல்ல டீகோடருக்கும் ஸ்பீக்கருக்கும் போடுங்க. என்ன சொல்றீங்க மக்களே?