இடம் போதும் என்று கணக்குப் போட்ட தொழிலாளி



2007 ஜனவரி 2ஆம் திகதி. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், 137ஆம் வீதி சுரங்க ரயில் நிலையம். மத்தியானம் ஒரு மணிக்குச் சற்று முன்னர் வெஸ்லி ஓட்ரி என்ற 50 வயதுக் கட்டடத் தொழிலாளி, 4 வயதும் 6 வயதுமான தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு ரயிலுக்குக் காத்து நின்றார். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவனுக்கு வலிப்பு வந்தது. ஓட்ரியும் வேறு சிலரும் ஓடிப்போய் உதவினார்கள். எழுந்து நின்ற பையன் தள்ளாடித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டான். சுரங்கத்துக்குள் ரயில் வெளிச்சம் தெரிந்தது. ஓட்ரி குதித்தார். பையனைத் தூக்கி மேலே ஏற்ற நேரமில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் தண்ணீர் ஓட ஒரு கான் இருக்கும்; ஆழம் ஓரடி அளவுதான். அதற்குள் பையனை அழுத்தி, அவன்மேல் தான் படுத்துக்கொண்டார். பிரேக் போட்டும் நிற்காமல் ஐந்து பெட்டிகள் அவர்களுக்கு மேலாக ஓடின. ஓட்ரியின் தொப்பியில் ரயிலின் கிரீஸ் பட்டிருந்தது. அவ்வளவுதான் இடைவெளி.

மேலே சனங்கள் அலறினார்கள். நாங்கள் நல்லா இருக்கிறோம், அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று கீழேயிருந்து சத்தம் போட்டாராம். இருவருமே உயிரோடு வெளியே வந்தார்கள்.

நகரத்தின் உயர்ந்த விருதான வெண்கலப் பதக்கத்தை மேயர் வழங்கினார். அதே மாதம் ஜனாதிபதி புஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரைக்கு அவரை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். பணமும் பரிசுகளும் குவிந்தன. இதெல்லாம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஓட்ரி ஒரு தொழிற்சங்க உறுப்பினர். கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் 79ஆம் இலக்கக் கிளையைச் சேர்ந்தவர். அந்த இடம் போதும் என்று எப்படித் தெரிந்தது எனக் கேட்டபோது, நெருக்கமான இடங்களில் வேலை செய்து பழகியதால் கண்ணால் பார்த்தே கணக்குப் போட முடிந்தது என்ற கருத்தில் பதில் சொன்னார்.

வெறும் துணிச்சல் மட்டும் இருந்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும்.

இந்தக் கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்த பிள்ளை ஒன்று, "சேர், எங்க அம்மாயியும் கானுக்குள்ளதான் இழுத்துப் போட்டாங்க" என்றது. விசாரித்தேன். கொழுந்து மலையில் குளவி கலைந்து வந்திருக்கிறது. கூட நின்ற பெண் பயத்தில் மேட்டுப்பக்கம் ஓடப் பார்த்திருக்கிறார். இந்த அம்மா அவரைப் பிடித்துக் கானுக்குள் தள்ளி, இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து மூடி, மேலே தானே படுத்துக்கொண்டார். எந்த நிரையில் கான் ஆழம் என்பது முப்பது வருசமாக அந்த மலையில் நடந்த காலுக்குத் தெரியும். கொழுந்து லொறியில்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குக் கொழுந்து நிறை போதாதென்று இருவருக்கும் விழுந்தது அரைப்பேர்.

பதக்கம் யாரும் கேட்கவில்லை. முழுப்பேரைக்கூட அந்த அம்மா கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கோபம். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மைத் தேர்ச்சியில்லாத தொழிலாளர் என்று எழுதுகிறார்கள். மழை எப்போது மண்ணைச் சரிக்கும், எந்த மரத்தில் குளவி கூடு வைக்கும், எந்தப் படி வழுக்கும் என்றெல்லாம் அறிந்திருப்பதற்கு வேறு என்ன பெயர்? பெரட்டுக்களத்தில் நின்று இதைக் கேட்க நாமே வெட்கப்படுகிறோம்.

வேலையின்போது, வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கூட வேலை செய்பவரைக் காப்பாற்றப் போய்க் காயப்படுவதும் வேலையில் பட்ட காயமே என்பது நமது சங்கத்தின் நிலைப்பாடு. ஆனால் வாயால் சொன்னால் எடுபடாது. குளவிக் கொட்டு என்றாலும் மண்சரிவு என்றாலும், லயத்தில் தீ என்றாலும், நடந்த அன்றைக்கே திகதி, நேரம், மலை இலக்கம், பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைத் தொலைக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். அவர்களுக்கு நான் கட்டுரைக்குப் புள்ளியும் தருகிறேன். பழைய சம்பவங்களையும் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். காப்பாற்றியவர்களின் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், அடுத்த இதழிலிருந்து முதல் பக்கத்திலேயே போடுகிறோம்.