சுருதி யாரோடது?

"ஃப்யூஷன்"னு போஸ்டர்ல பார்த்தாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும். பின்னாடி ஐம்பது பேர் கோட்டு சூட்டோட ஒரே சுரத்தை இழுத்துக்கிட்டே இருப்பாங்க. முன்னாடி ஒருத்தர் சம்மணம் போட்டு நம்ம ராகம் வாசிப்பார். ரெண்டு இசையும் கலந்த மாதிரி இருக்காது, பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட மாதிரிதான் இருக்கும் :-)

இங்க ஹோர்சன்ஸ்ல கூடப் படிக்கிற இந்தோனேசிய நண்பன்கிட்ட இப்படிப் புலம்பினப்போ, பேச்சு அவங்க ஊர் கமெலான் பக்கம் போச்சு. ஜாவாவோட வெண்கல வாத்தியக் கூட்டம் அது. ஸ்லெண்ட்ரோன்னு அஞ்சு சுரம், பெலோக்னு ஏழு சுரம், இப்படி ரெண்டு அமைப்பு. செட்டுக்கு செட்டு சுருதி கொஞ்சம் வேற. வீணை மாதிரி பிரடையை முறுக்கி சேர்த்துக்க முடியாது, வார்த்த வெண்கலம் ஆச்சே! பியானோவோட 12 சுரத்துக்குள்ளயும் அது அடங்காது.

1889 பாரிஸ் கண்காட்சியில கமெலானைக் கேட்டு டெபுஸி அசந்துபோனார். அதுல பிறந்த ஆசையை எல்லாம் அவர் மேற்கத்திய வாத்தியங்கள்லதான் எழுதினார். 1982ல அமெரிக்கரான லூ ஹாரிசன் அடுத்த படிக்குப் போனார். வயலின், செல்லோ, ஜாவா கமெலான் மூணையும் சேர்த்து ஒரு இரட்டைக் கன்செர்ட்டோ எழுதினார். அதுல கமெலான் நகராது, வயலினும் செல்லோவும்தான் அதோட சுருதிக்கு வரணும். ரெண்டுலயும் மெட்டு கிடையாது, விரலை நகர்த்திக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை கலப்பிசையில முதல் கேள்வியே இதான்: விட்டுக்கொடுத்தது யார்?

நம்ம ஊர்ல ஒரே வீட்டுல ரெண்டு பதில் இருக்கு. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரோட மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டார், நோட்டுஸ்வர சாகித்யம்னு பேர். "காட் சேவ் தி கிங்" மெட்டுதான் "சந்ததம் பாஹிமாம்" ஆச்சு. கேட்க அழகா இருக்கும், ஆனா கமகம் இருக்காது. அவங்க பாட்டுக்கு நம்ம சட்டை, அவ்ளோதான்.

தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினையே கத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அந்த வாத்தியம் தாடைக்குக் கீழ இருந்து இறங்கி தரையில உக்காந்துச்சு, நுனி கணுக்கால்ல வந்து நின்னுச்சு. தந்திகள் ச-ப-ச-ப ஆச்சு. வாத்தியம் மாறிச்சு, ராகம் மாறலை. 200 வருஷம் கழிச்சு, வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியை யோசிக்கவே கஷ்டமா இருக்கு.

"அப்போ ஹார்மனியே வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. கண்டிப்பா வேணும். சிக்கல் எங்கன்னா, ஹார்மனிக்கு சுரம் அசையாம நிக்கணும், கமகத்துக்கு அசைஞ்சே ஆகணும். 1986ல இளையராஜா "ஹவ் டு நேம் இட்" ஆல்பத்தை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணினார். அதுல வயலின் வாசிச்ச வி.எஸ். நரசிம்மன் 1993ல மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் ஆரம்பிச்சார். அங்க முதல் வயலின் கீர்த்தனையை கமகத்தோட வாசிக்கும். இன்னொரு வயலின், வயோலா, செல்லோ மூணும் அதைச் சுத்தி நடக்கும். சுரம் அசையற இடத்துல அதை அமுக்காம வழிவிடும். ரெண்டு இசையும் விரல்ல ஊறினவங்களாலதான் இது முடியும்.

நோட்டைக் கையில கொடுத்து ரெண்டு ரிகர்சல்ல நடக்கற காரியம் இல்லைங்க இது. கமகத்தை அந்த நோட்டுல எழுதிக் காட்டவும் முடியாது. அதனாலதான் அவசர ஃப்யூஷன்ல முதல்ல காணாம போறது கமகம். அதுக்கப்புறம் மிச்சம் இருக்கறது ராகத்தோட எலும்புக்கூடு.

நாலே பேர், பெரிய மேடை கூட வேண்டாம், வருஷக்கணக்கா உக்காந்து பழகினா போதும். ஸ்பான்சர்கள் அதுக்குக் காசு கொடுத்தா நான் முதல் வரிசையில உக்காந்து கைதட்டுவேன். நீங்க கேட்டதுல கமகம் தப்பிச்ச கச்சேரி ஏதாவது இருந்தா சொல்லுங்க மக்களே, தேடிக் கேக்கறேன்.