ஏடு இருக்கிறது; வாசிப்பது எவ்வாறு?

கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சிலேற்றிய பெரியார்களுள் ஒருவர், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901). அவர் 1887இல் பதிப்பித்த கலித்தொகை இன்றும் நம் கையில் இருக்கிறது. நம் காலத்து ஏடுகளையோ வேறொரு கறையான் அரிக்கத் தொடங்கியுள்ளது.

சென்ற விடுமுறையில், ஹட்டனுக்கு அண்மையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். உள்ளங்கையளவான கருநீல வட்டு ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். “தம்பி, எங்கள் தோட்டத்துக் கிழவர்கள் சொன்னதெல்லாம் இதற்குள் இருக்கிறது. திறக்கத்தான் வழியில்லை” என்றார். 1999ஆம் ஆண்டில் அவருடைய மாணவர்கள் லயம் லயமாகச் சென்று, யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணியின் கீழ் உழைத்தார் எனக் கேட்டெழுதிய குறிப்புகள் அவை. சொன்னவர்களுட் பலர் இன்று இல்லை. ஆண்டுதோறும் சரசுவதி பூசையில் புத்தகங்களோடு அவ்வட்டையும் வைத்து வணங்கி வந்தாராம்!

அது ‘ஸிப்’ எனப்படும் கழற்றி மாற்றும் வட்டு. 1990களின் நடுப்பகுதியில் ஐயோமெகா நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலத்து நெகிழ்வட்டு 1.44 மெகாபைட் கொள்ளும். இதுவோ 100 மெகாபைட் கொள்ளும். உறையினுள்ளே காந்தப் பூச்சுடைய மெல்லிய தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 முறை சுழலும். பின்னர் இறுவட்டும் பென் டிரைவும் வர, இது வழக்கொழிந்தது. அச்சுப்பொறியை இணைக்கும் துவாரத்திற் பொருத்தும் அதன் செலுத்தியை இன்றைய மடிக்கணினி ஏற்காது.

ஆகவே, நண்பர் ஒருவர் வீட்டுப் பரணிற் கிடந்த பழைய கணினியையும் செலுத்தியையும் தேடிப் பெற்றோம். முதலில் வெற்று வட்டு ஒன்றையே இட்டுப் பரீட்சித்தோம். இம்முன்னெச்சரிக்கை இன்றியமையாதது. செலுத்தி ‘டிக், டிக்’ என விடாது ஒலிக்குமாயின் உடனே நிறுத்தல் வேண்டும். பழுதுற்ற வாசிப்புத் தலை வட்டைக் கெடுக்கும். கெட்ட வட்டு மற்றொரு செலுத்தியையும் கெடுத்துவிடும். நல்ல காலமாக எமது செலுத்தி அமைதியாகச் சுழன்றது.

கோப்புகள் திறந்தன. ஆனால், திரையிலே தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் குறிகளும் விரவிய குழப்பமே தெரிந்தது. இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அவை தட்டச்சாகியிருந்தன. யுனிகோடுக்கு மாற்றியதும் தமிழ் மீண்டது. முதற் பக்கத்தில் ஒரு மூதாட்டியின் பெயரும் அவர் முன்னோரின் ஊரும் தெளிவாகத் தோன்ற, ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஓலையை வாசிக்கக் கண் போதும்; இவ்வட்டை வாசிக்க இயந்திரமும் வேண்டும். வட்டுக் கெடுமுன்னரே இயந்திரம் மறைந்துவிடுகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ், தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்தைப் பத்திரங்கொண்டு நிறுவ இயலாது நாடற்றவராய் நின்றோர் மலையகத்திற் பல்லாயிரவர். எழுத்தொன்று இல்லாமற்போவதன் பொருளை அவர்தம் வழிவந்தோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலால், மாணவச் செல்வங்களே, வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய வட்டுக் கிடைத்தால், இயந்திரம் உள்ளபோதே படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கும் ஒரு படி சேரட்டும். பூசித்தல் நன்று, படியெடுத்தல் அதனினும் நன்று.