செவ்வாயில் ஒரு கிழங்குத் தோட்டம்

கூலிம் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் அக்காள் மகன், போன தீபாவளிக்கு வந்தபோது முறுக்கு டின்னோடு ஓர் ஆங்கில நாவலையும் வைத்துவிட்டுப் போனான். ஆண்டி வியர் எழுதிய 'தி மார்ஷியன்'. "விண்வெளிக் கதைன்னு பயப்படாதீங்க மாமா. இது விவசாயக் கதை" என்றான். பல மாதம் தூசி படிந்து கிடந்த அதைப் பள்ளி விடுமுறையில் எடுத்தேன். மூன்றே இரவில் முடித்துவிட்டேன்.

செவ்வாய்க்குப் போன ஆறு பேரில் ஒருவன் மார்க் வாட்னி. புயலில் அடிபட்டு விழுந்தவன் இறந்துவிட்டான் என்று நினைத்து மற்ற ஐவரும் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த பயணக் குழு வர நான்கு ஆண்டுகள் ஆகும். இருக்கும் சாப்பாடோ ஓராண்டுக்கே இழுபறி. நல்ல வேளை, அவன் தாவரவியல் படித்தவன். விருந்துக்கென்று அனுப்பிய உருளைக்கிழங்கை விதையாக்கி, செவ்வாய் மண்ணில் மனிதக் கழிவைக் கலந்து பாத்தி கட்டுகிறான். தண்ணீருக்கு என்ன செய்வது? ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசினிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத் தண்ணீர் ஆக்குகிறான். ஒருமுறை அது வெடித்து அவனையே தூக்கி எறிகிறது. கொஞ்ச நேரத்தில் அதையும் சொல்லி நம்மைச் சிரிக்க வைக்கிறான்.

வேற்றுக்கிரகவாசியும் இல்லை, லேசர் துப்பாக்கியும் இல்லை. எத்தனை கிழங்கு, எத்தனை கலோரி, எத்தனை நாள் என்ற கணக்குதான் கதை. ஓட்டை இல்லாமல் இல்லை. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே வீசும் புயலுக்கு ஆளைத் தூக்கியடிக்கும் பலம் கிடையாது. வியரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். போகட்டும், புயல் இல்லாவிட்டால் கதை ஏது?

அந்தக் கிழங்குக் கணக்கு எனக்குப் புதிதல்ல. ஜப்பான் காலத்தில் கெடா தோட்டமொன்றின் லயத்தில் பாட்டி அதைத்தான் போட்டார். அரிசி இல்லை. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டு, இன்றைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை என்று எண்ணி வேகவைத்தாராம். தாத்தாவை 1943இல் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

நாவலிலோ ஒரே ஒருவனுக்காக நாசா துடிக்கிறது. சீனா தன் ராக்கெட்டைக் கொடுக்கிறது. விட்டுவிட்டுப் போன ஐவரும் திரும்பி வருகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

மறுநாள் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். தாத்தா போனபோது அம்மா கைக்குழந்தை. முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் வீட்டுக்கு வந்து சேந்துட்டானா?" என்றார்.

"வந்துட்டான்மா." (முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வாசகர்கள் கோபிக்க வேண்டாம். அம்மாவிடம் எப்படி மறைப்பது?)

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "கிழங்குக்குத் தொட்டுக்க உப்பாவது இருந்துச்சாமா அவனுக்கு?"