சிறைக் கதவு திறந்தது. ஊர்க் கதவு திறக்குமா?

செங்கத்துக்கு வடக்கே உயர்ந்து நிற்கிறது ஜவ்வாது மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை அது. சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள். வயிற்றுப் பாட்டுக்குப் போதாதபோது, கூலி தேடி வெளியூர் போவார்கள்.

அப்படிப் போனவர்களில் பலர் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டார்கள். காரணம், செம்மரம்!

சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டுவது குற்றம். ஆனால் வெளிநாட்டில் அதற்கு நல்ல விலை. தரகர் முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கிறார். லாபம் யாருக்கோ! அகப்படுவது கோடரி பிடித்த ஏழை!

2015 ஏப்ரல் 7-ந் தேதி அந்தக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தார் அவர்களில் பலர்.

அதற்கு முன், 2013 டிசம்பரில் 2 வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சிறையில் இருந்தார்கள். 2016-ல் கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. சிறையில் கழிந்த காலத்தை யார் திருப்பித் தருவது?

வீடு திரும்பிய பிறகு

விடுதலையான மறுநாளே அடுத்த சோதனை தொடங்குகிறது. கையில் காசு இல்லை. வழக்குச் செலவுக்கு வாங்கிய கடன் நிற்கிறது. "ஜெயிலுக்குப் போனவன்" என்று ஊர் ஒதுங்குகிறது. தயங்காமல் வாசலுக்கு வருகிறவர் ஒருவர்தான்: பழைய தரகர்!

சபை என்ன செய்யலாம்?

சிறைப்பட்டவரைப் பார்ப்பது கிறிஸ்தவர்களின் கடமை என்கிறது வேதம். கேரளத்தில் 1981-ல் குருமாணவர்கள் தொடங்கிய சிறைப்பணி, பிறகு இந்தியா முழுவதும் பரவியது. 2013-ல் போப் பிரான்சிஸ், ரோமில் சிறைப்பட்ட இளைஞர்கள் 12 பேரின் பாதங்களைக் கழுவினார்.

சிறைக்குப் போய்ப் பார்ப்பது எளிது. வெளியே வந்தவரைக் கோவிலில் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் கடினம். மற்றவர்களுக்குப் பயம் இருக்கும். பழகினால்தான் அது தீரும்.

வந்தவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். பழைய கதையைக் கிளறாமல் இருக்கலாம். நிலம் உள்ளவர் வேலை கொடுத்து, கூலியைத் தவறாமல் தரலாம்.

வழக்கு முடியாதவர் வாய்தா தவறினால் வாரண்டு வரும். ஆகவே ஒருவர் துணைக்குப் போகலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. இதை எடுத்துச் சொல்வதே பெரிய உதவி.

ஒன்றை மறக்கக் கூடாது. மலை மக்களில் பலர் வேறு தெய்வங்களை வணங்குகிறவர்கள். உதவிக்கு விலையாக மதத்தைக் கேட்கக் கூடாது.

முன்பணத்தோடு தரகர் வருமுன், வேலையோடு அண்டை வீட்டார் வரவேண்டும். அப்போதுதான் விடுதலை முழு விடுதலை ஆகும்.