குழாய் நீரும் குரோமியமும்

ஒளுவுக்குரிய நீரை நிறம், சுவை, மணம் என்னும் மூன்றால் அறிகிறோம். பாலாற்றங்கரையில் இம்மூன்று மட்டும் போதா. ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்ட காலம் மாறிக் குரோமிய உப்புகள் வந்தன. வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரங்களில் ஆலைக்கழிவு மணலில் இறங்கி, கிணற்றுக்கும் குழாய்க்கும் நீரூட்டிய ஊற்றையே கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பழுதுற்றதை உச்ச நீதிமன்றம் 1996-இல் தன் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்றும் விதித்தது.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது இந்தியத் தர வரம்பு. மிகுந்த உப்பை நாவு காட்டிக்கொடுக்கும், இதைக் காட்டாது. ‘காய்ச்சித்தானே குடிக்கிறோம்’ என்பார் உளர். காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் அகலாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்! குளோரினும் இதற்கு மருந்தன்று.

தோல் தொழில் நம் சமுதாயத்திற்குச் சோறிட்டது, கல்விக்கூடங்களை எழுப்பியது. மறுப்பாரில்லை. அதனாலேயே இவ்வினா முதலில் நம்மை நோக்கி எழவேண்டும். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆற்றூற்றில் நாம் கலந்ததை என்னென்பது? ஜமாஅத்தார் தம் மஹல்லாவின் கிணற்று நீரையும் குழாய் நீரையும் கோடையிலும் மழைக்குப் பின்னும் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பட்டும். வந்த முடிவு யாருக்குக் கசப்பாயினும், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அப்படியே ஒட்டட்டும்.