கல்விக்கூடமும் ஐம்புலன்களும்

கல்லூரியொன்று தன் ஆண்டு நிறைவைக் கொண்டாடுங்காலை, பழைய மாணவர் தம் நன்றியைக் கட்டடமாக நிலைநாட்ட விழைதல் நம்மிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். அடிக்கல் நாட்டப்படும், நன்கொடையாளர் பெயர் கல்லிற் பொறிக்கப்படும், முகப்பு எவ்வாறு அமையவேண்டுமென்று பலமுறை கூடிப் பேசுவோம். ஆயின், அக்கட்டடத்தினுள் அமர்ந்து கற்கப்போகும் சிறுவனின் செவிக்கு என்ன கேட்கும், அவன் கண்ணுக்கு எவ்வொளி கிட்டும், அவன் மேனி எவ்வளவு வெம்மையைத் தாங்கும் என்று வினவுவார் மிகச் சிலரே. இவ்வினாக்களே முதலில் எழவேண்டியவை என்பது எமது கருத்து.

மனிதன் கட்டடத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். கோயிலுக்குச் செல்பவன், வெயில் எரிக்கும் வீதியிலிருந்து மண்டபத்தின் நிழலுக்கும், அங்கிருந்து கருவறையின் இருளுக்கும் படிப்படியாகச் செல்கின்றான். மிதியடி களைந்த பாதம் மண்டபத்துக் கல்லின் தண்மையை உணர்கின்றது. மணியோசையும் கர்ப்பூர மணமும் எதிர்கொள்கின்றன. வெயிலிற் கூசிய கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் வேண்டும். அந்த அவகாசத்தை மண்டபங்கள் கொடுக்கின்றன. அதனாலன்றோ ஒரு சிறு தீபத்தின் ஒளியும் அங்கே நிறைவாகத் தோன்றுகின்றது! நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் அவ்வாறே ஒளியையும் காற்றையும் வீட்டின் நடுவே கொண்டுவந்தது.

முன்னோர் பட்டறிவால் உணர்ந்ததை இக்காலத்து மூளையியல் ஆராய்ந்து காட்டத் தொடங்கியுள்ளது. 1971இல் ஜோன் ஓகீஃப் என்னும் அறிஞர், எலியின் மூளையில் ஹிப்போகாம்பசு எனப்படும் பகுதியிலே, குறித்த ஓரிடத்தை அவ்வெலி அடையும்போது கிளர்ச்சியுறும் கலங்கள் இருப்பதை வெளியிட்டார். 2014இல் அவருக்கும், இத்துறையை மேலும் வளர்த்த மே-பிரிட் மோசர், எட்வார்ட் மோசர் ஆகியோருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இடத்தை அறியும் அப்பகுதியே நினைவுக்கும் இன்றியமையாதது. பழைய விறாந்தையிற் காலடி வைத்ததும் மறந்துபோன தோழரின் பெயர்கள் மீளுவதை நம்மிற் பலர் அனுபவித்திருப்பர், அது வியப்பன்று. 2002இல், விழித்திரையிலுள்ள சில கலங்கள் தாமே ஒளியை உணர்ந்து, உடலின் உட்கடிகாரத்துக்கு அறிவிக்கின்றன என்பது தெளிவாயிற்று. பகலிலும் இருண்டு கிடக்கும் அறை கண்ணை மட்டும் வருத்துவதன்று என்பது இதனாற் பெறப்படும். மூளையியலாரையும் கட்டடக் கலைஞரையும் ஒருங்கு சேர்க்கும் கழகமொன்று 2003இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தோன்றியது.

கட்டடத்தின் பயனை மனிதரிடத்தே அளந்த ஆய்வுகளும் உள. 1984இல் றோஜர் உல்ரிச் என்பவர், பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையிலே பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை ஆராய்ந்து வெளியிட்டார். ஒருசாராரின் சாளரம் மரங்களை நோக்கியது. மறுசாராரது செங்கற் சுவரை நோக்கியது. மரங்களைக் கண்டவர் விரைவில் வீடு திரும்பினர்; கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தன.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் அணித்தான சான்று நியூயோர்க்கிலிருந்து வருகின்றது. அங்கே ஒரு பாடசாலையின் ஒருபுறம், உயர்ந்த பாதையிற் செல்லும் புகையிரதத்தின் இரைச்சலுக்கு இலக்காயிருந்தது, மறுபுறம் அமைதியாயிருந்தது. 1975இல் ஆர்லீன் புறொன்சாவ்ற் என்னும் உளவியலாளர் தம் சகாவுடன் இருபுறத்து மாணவரின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டார். இரைச்சற் பக்கத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பை அடையும்போது ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பின்னர் தண்டவாளத்தின்கீழ் இறப்பர் மெத்தைகள் இடப்பட்டன. வகுப்பறைகளின் உட்கூரை ஓசையை உறிஞ்சும் பொருளால் அமைக்கப்பட்டது. 1981இல் வெளியான ஆய்வில் அவ்வேறுபாடு மறைந்திருந்தது. பிள்ளைகளின் மதியில் யாதொரு குறையும் இருந்ததில்லை. குறை சுவரிலும் கூரையிலும் இருந்தது.

இதனைப் படித்தபோது எமது இளமைக்கால வகுப்பறையொன்று நினைவுக்கு வந்தது. மாரியில் தகரக்கூரைமேல் மழை கொட்டும். ஆசிரியர் குரலை உயர்த்திப் பார்ப்பார். பின் புத்தகத்தை மூடிவிட்டு மழையைப் பார்த்திருப்பார். முன்வாங்கில் இருந்த எமக்கு அது விளையாட்டு. கடைசி வாங்கில் இருந்தோருக்கோ மழையில்லா நாளிலும் பாதியே கேட்டதென்பதைப் பல்லாண்டுகளின் பின் அவருள் ஒருவர் சொல்லக் கேட்டோம். அன்று அவரை மந்தன் என்றே எண்ணியிருந்தோம்.

"நாங்கள் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்து முன்னேறவில்லையா?" என்று கேட்பார் உளர். முன்னேறியவர் மலர்களில் எழுதுகின்றனர். கேட்க இயலாது பின்தங்கியவர் எழுதுவதில்லை. ஆதலின் அவ்வினாவுக்கு விடை ஒருபக்கத்திலிருந்து மட்டுமே வருகின்றது.

மூளையியல் தூணை எங்கே நிறுத்துவதென்று கட்டடக் கலைஞருக்குக் கட்டளையிடும் சாத்திரமன்று. அஃது இளைய துறை. 46 நோயாளரின் பதிவேடு உலகனைத்துக்கும் விதியாகாது. கலைஞனின் உள்ளுணர்வை அது நீக்கவும் மாட்டாது. ஆயினும், புலன்களைப் புறக்கணித்துக் கட்டுவதற்கு இனி அறியாமையைச் சாட்டாகக் கூற நமக்கு உரிமையில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமென்பதுமில்லை. தகரத்தின்கீழ் ஓர் உட்கூரை, வெயிலைத் தடுத்து ஒளியை விடும் அகன்ற விறாந்தை, எதிரெதிரே சாளரங்கள், மேற்கே ஒரு வேம்பு, வீதியிரைச்சலுக்கு அப்பாலே வகுப்பறைகள்: இவை வரைபடத்தில் இருக்கும்போது சிறுசெலவு, கட்டியபின் பெருஞ்செலவு. வெறுஞ் சுவரில் ஓசை எதிரொலித்து நின்றால் ஆசிரியரின் ஒரு சொல் அடுத்த சொல்லை விழுங்கும். ஆளில்லாச் சிறு வகுப்பறையில் ஓசை அடங்க 0.6 செக்கனுக்கு மேலாகலாகாதென அமெரிக்க நியமம் வகுத்துள்ளது. அத்தகைய அளவுகோலொன்றை நாமும் கையிற் கொள்வோமாக.

பழைய மாணவ அன்பர்களே! அடுத்த கட்டடத்தின் வரைபடம் நம்முன் விரிக்கப்படும்போது, முகப்பைப் பார்ப்பதற்கு முன் கடைசி வாங்கு எங்கே வருமென்று கேட்போம். அங்கே மனத்தால் ஒருகணம் அமர்ந்து, செவி கொடுப்போம். அவ்விடத்திலுள்ள சிறுவனுக்கும் ஆசிரியரின் சொல் தெளிவாகச் சென்று சேருமாயின், கல்லிற் பொறித்த நம் பெயருக்கும் பொருள் உண்டாகும்.